வால் வெட்டிய சத்தங்கள்

"அப்பா, வால் இருக்கு."

"எங்க இருக்கு?"

"'ப்' சொல்லச் சொன்னா 'பு'ன்னு முடிக்கீங்க. கடைசியில ஒரு 'உ' தொங்குது."

"தொங்குனா வெட்டு மக்கா. அதுக்குத்தான உன்ன எஞ்சினியருக்குப் படிக்க வச்சேன்."

அடுக்களையிலிருந்து அம்மா ஜெபகுமாரியின் குரல் வந்தது. "கல்யாணம் ஆன நாள்ல இருந்து இந்த மனுசன் வாலாட்டிக்கிட்டுத் திரியுதாரு. வெட்டுகதுக்கு இப்பதான் ஒரு ஆளு கெடச்சிருக்கு."

அது புதன்கிழமை சாயங்காலம். சாப்பாட்டு மேசையில் சஜிதாவின் மடிக்கணினி இருந்தது. பக்கத்தில் ஒரு கோலி சோடா, அடுப்பு பற்றவைக்கும் லைட்டர், பாதி தின்ற மட்டி வாழைப்பழம். அப்பா ரசலையன் சார் கைப்பேசியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, மறுபடியும் சொன்னார். "ப்." கணினித் திரையில் அந்தச் சத்தம் ஒரு மலையாக எழும்பியது. மலைக்குப் பின்னால் ஒரு சின்ன மேடு. அந்த மேடுதான் வால். சஜிதா அதைக் குறித்து வெட்டினாள்.

ரசலையன் பூதப்பாண்டிக்குக் கிழக்கே ஒரு மிஷன் தொடக்கப்பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியர். ஆள் ஆறடி. ஒன்றாம் வகுப்பில் கிடந்த குட்டி நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் காதுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாடகர் குழுவின் பின்வரிசையில் நின்று அடிக்குரல் பாடுவார். அந்தக் குரல் கேட்டால் வாசலில் கிடக்கும் நாய் எழுந்து இடம் மாறும் என்று ஊரில் கேலி உண்டு. அப்பேர்ப்பட்ட குரலை வைத்துக்கொண்டு ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாம்பு மாதிரிச் சீறிக் காட்டுவார்.

அவர் ஆங்கிலம் படித்தது பெரிய வகுப்புக்குப் போன பிறகு. ஆப்பிளைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னமே 'ஏ ஃபார் ஆப்பிள்' மனப்பாடம். அதையேதான் ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொடுத்தும் வந்தார். போன வருடம் ஒரு பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். எழுத்தின் பெயர் வேறு, எழுத்தின் சத்தம் வேறு. பிள்ளைக்கு முதலில் கொடுக்க வேண்டியது சத்தம், சத்தங்களைச் சேர்த்தால் வார்த்தை தானாக வரும் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். மனுசனுக்கு அது மண்டையில் ஏறிவிட்டது. பஸ் பிரேக் பிடித்தாலும், குக்கர் மூச்சு விட்டாலும் "இது என்ன எழுத்து, சொல்லு பாப்போம்" என்று வீட்டில் இருப்பவர்களைப் பிடித்துக் கேட்க ஆரம்பித்தார்.

சத்தங்களை ஊரிலிருந்தே எடுத்தார். 'ஸ்' என்பது பூதப்பாண்டி பஸ் நிலையத்தில் பஸ் நின்றதும் விடும் காற்று. 'ட்' என்பது அடுப்பு லைட்டர். 'ப்' சோடா உடையும் சத்தம். 'ன்' மட்டும் அகப்படவில்லை. ஆரல்வாய்மொழியில் காற்றாலைப் பராமரிப்பு எஞ்சினியராக இருந்த சஜிதா, கோபுரத்துக்குள் நின்று அதன் முனகலைப் பிடித்துக்கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மாடி, இது சுத்தமான 'ன்' இல்லியா!" என்று மூன்று பேரைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தார். ஆட்டுக்குட்டியின் கத்தலிலிருந்து எடுத்த, 'ஆப்பிள்' தொடக்கத்தில் வரும் 'ஆ' சத்தமும், எலியைக் கண்டு பல்லைக் காட்டும் 'இ'யும் அவரே செய்தவை.

சிக்கல் வாலில் வந்தது. நம்முடைய நாக்கு மெய்யெழுத்தோடு நிற்காது, ஒரு 'உ'வைச் சேர்த்துக்கொண்டுதான் நிற்கும். பஸ் நமக்கு பஸ்ஸு, பாட்டு போடும் பெட்டி நமக்கு செட்டு. திங்கட்கிழமை அவர் ஸ், ஆ, ட் என்று மூன்று சத்தத்துக்கான ஆங்கில எழுத்துகளைப் பலகையில் எழுதிச் சேர்த்து வாசிக்கச் சொன்னபோது, பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் "சுவாடு" என்று கூவினார்கள். ஓட்டுக்கூரை அதிர்ந்தது. அவர் சொல்லிக்கொடுத்ததில் வால் இருந்தது. பிள்ளைகள் வாலையும் சேர்த்து விழுங்கிவிட்டார்கள்.

சிரித்துவிட்டுப் போகிற காரியம் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு அவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

வாழைத்தார் வியாபாரி பொன்னுலிங்கம் போன வாரம் பள்ளி வாசலில் வந்து நின்றார். அவர் மகள் நந்தனா ஒன்றாம் வகுப்பு. கூட இன்னும் சில தகப்பன்மார்.

"சாரே, உங்க மேல ஒரு கொறையும் இல்ல. நானே ஒங்கட்ட அடி வாங்கிப் படிச்சவன்லா. ஆனா எதுத்த வீட்டுப் பய வேன்ல போறான், இங்கிலீஷ்ல கடை போர்டு வாசிக்கான். எம்பிள்ள பஸ் மாரி சீறிக்கிட்டுக் கெடக்குது. டிசி தந்துருங்க."

"வெள்ளிக்கெழம ரெண்டு மணிக்கு வாரும். எல்லாரையும் கூட்டிட்டு வாரும். பிள்ளைக ஒரு வார்த்த வாசிக்கும். வாசிச்சா மட்டும் போராது, வாசிச்சத செய்யும். செய்யல்லேன்னா அன்னக்கிளி டீச்சர்ட்டச் சொல்லி நானே டிசி வாங்கித் தாறேன்."

"பேச்சு மாற மாட்டீரே?"

"நான் என்ன வாழத்தாரா விக்கேன், பேச்சு மாறுகதுக்கு?"

பொன்னுலிங்கமே சிரித்துவிட்டார். ஆனாலும் விஷயம் சிரிப்பில்லை. அந்தப் பிள்ளைகள் போய்விட்டால் ஒன்றாம் வகுப்பில் மிச்சம் இருப்பது வேனில் அனுப்ப வக்கில்லாத வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர். வகுப்பு இருக்காது. வகுப்பு இல்லாத பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள். அந்த இரண்டு மூன்று பேர் நாலுவழிச் சாலையைத் தாண்டி நடக்க வேண்டும். ரசலையன் சாருக்கு உறக்கம் கெட்டது அந்தச் சாலையை நினைத்துத்தான்.

ஆகவே பாடத்தை முழுக்கத் திட்டமிட்டார். முதலில் சத்தம், பிறகு சத்தத்துக்கு ஒரு செய்கை, பிறகு சேர்ப்பு. சத்தங்களை வால் இல்லாமல் பதிவு செய்து ஒலிபெருக்கியில் போடுவது, தான் முன்னால் நின்று செய்கை மட்டும் செய்வது. ஒவ்வொரு சத்தத்துக்குப் பிறகும் பிள்ளைகள் திருப்பிச் சொல்ல இடைவெளி. 'ஸாட்' (sat) என்று வாசித்தால் எல்லாரும் உட்கார வேண்டும். 'டாப்' (tap) என்று வாசித்தால் முன்னால் இருப்பதை விரலால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். செவ்வாயும் புதனும் இதைப் பயிற்சி கொடுத்தும் பார்த்துவிட்டார். நாக்கைக் கடித்து வாலை நிறுத்தினால் பிள்ளைகளுக்கு வந்துவிடுகிறது என்று கண்டுபிடித்திருந்தார், அவருக்குத்தான் வரவில்லை.

நடுவில் ஒரு வாக்கியத்தையும் பதிவு செய்யச் சொன்னார்.

"நந்தனா, பேச்ச நிறுத்து. காது இஞ்ச."

"அந்தப் பிள்ள பேசும்னு இப்பவே எப்பிடிப்பா தெரியும்?"

"'ன்' முடிஞ்சதும் பேசும். நீ போடு."

ஒலிபெருக்கிப் பெட்டி ஜினோவுடையது. ஜினோ தெருக்கோடியில் மைக் செட் வைத்திருப்பவன். கல்யாணம், கோயில் கொடை, சபை அசன விருந்து, துக்க வீடு எல்லாவற்றுக்கும் அவன் ஆம்ப்ளிஃபயர்தான். புதன்கிழமை சாயங்காலம் அதை வீட்டுக்கே தூக்கிக்கொண்டுவந்து கைப்பேசியோடு இணைத்துப் பார்த்தான். பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "தி புளூடூத் டிவைஸ் இஸ் கனெக்டட் சக்சஸ்ஃபுல்லி" என்று மூக்கால் சொன்னது.

"யாருடே இந்த அம்மா?"

"சைனாக்காரி சாரே. எல்லா ஊர் பெட்டிலயும் இவதான் குடியிருக்கா."

"பாவம். சாப்பிட்டாளோ என்னவோ."

ரசலையன் சாரின் விரல் தடிமன். திரையில் ஒன்றைத் தொட்டால் மூன்று திறக்கும். ஒத்திகை பார்க்கும்போது பாடத்தை அழுத்துகிறேன் என்று தலைமையாசிரியை அன்னக்கிளி டீச்சருக்குப் போன் போட்டார். "நாளன்னைக்கு இத நான் தொட மாட்டேன் மக்கா. நீ என்னமாச்சும் செய்யி." சஜிதா செய்தாள். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குக் கைப்பேசி தானாகவே ஜினோவின் பெட்டியைத் தேடி இணைந்து, பாடத்தைத் தொடங்கும்படி அமைத்துக் கொடுத்தாள். அவளுக்கு அது ஒரு நிமிட வேலை.

வெட்டிய வால்களை அவள் தூக்கிப்போடவில்லை. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் ஒட்டி ஓடவிட்டாள். உ, உ, உ, உ, உ என்று அப்பாவின் குரல் ஆந்தை மாதிரி அலறியது. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இத அழிச்சிராத. சபை வருடாந்தரக் கூட்டத்துல போடுவோம்."

அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அதற்குப் பிறகு அவர் சோற்றுக்கு மீன் குழம்பு ஊற்றிக்கொண்டார். தண்ணீர் கேட்டார். படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் சஜிதா காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் இருந்தாள். காற்று தணிந்திருந்த நாள். இறகை நிறுத்திவிட்டு உள்ளே எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தாள். கூட வேலைபார்க்கும் ஸ்டெனியும் இருந்தான். கைப்பேசி அடித்தது. அன்னக்கிளி டீச்சர்.

"சஜிதா, நீ எங்க நிக்க?"

"மேல நிக்கேன் டீச்சர்."

"எறங்கு மக்கா. எறங்கிட்டு கூப்பிடு."

"என்ன டீச்சர்?"

"எறங்கிட்டு கூப்பிடு."

"அப்பாவா?"

 அந்தப் பக்கம் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பள்ளிக்கூட மணி ஏதோ நேரமில்லாத நேரத்தில் அடித்தது.

"பலகைல எழுதிக்கிட்டு நின்னாரு மக்கா. அந்தக் குட்டி நாற்காலில உக்காந்தாரு. அப்பிடியே…"

"எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்ல மக்கா."

கோபுரத்திலிருந்து அவசரமாக இறங்க முடியாது. லிஃப்ட் கிடையாது. சுவரோடு செங்குத்தாக ஓர் ஏணி. இடுப்புப் பட்டையை ஏணியின் நடுக்கம்பியில் மாட்ட வேண்டும். வேகமாக இறங்கினால் கொக்கி இறுகி ஆளை அந்தரத்தில் நிறுத்திவிடும். விழாமல் காக்கச் செய்த ஏற்பாடு. சஜிதா வேகமாக இறங்கினாள், கொக்கி பிடித்தது. ஒரு படி மேலே ஏறி விடுவித்து, மறுபடி இறங்கினாள். மறுபடி பிடித்தது. "மெதுவா, மெதுவா சேச்சி" என்று மேலிருந்து ஸ்டெனி கத்திக்கொண்டிருந்தான். இருட்டுக் குழாய்க்குள் கோபுரம் முனகியது. ன்ன்ன் என்று. சுத்தமான 'ன்'.

வீட்டுக்கு வந்தபோது ஐஸ் பெட்டி வந்துவிட்டது. அப்பாவை அதற்குள் வைத்திருந்தார்கள். ஆறடி ஆளுக்குப் பெட்டி மட்டாக இருந்தது. வலது கை விரல்களில் சாக்பீஸ் தூள் இருந்தது. யாரும் துடைக்கவில்லை. சஜிதா பெட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். பின்னால் பிளக் தளர்ந்து பொறி பறந்துகொண்டிருந்தது. அதைக் கழற்றிச் சரியாகச் சொருகினாள். மோட்டார் சத்தம் சீரானது. அதன் பிறகு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. நின்ற இடத்தில் நின்றாள்.

"கல்லு மாரி நிக்கா பாரு. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல்ல" என்று யாரோ சொன்னார்கள்.

"சும்மா இரு பிள்ளா. அதுக்கு இன்னும் எட்டல்ல" என்றாள் இன்னொருத்தி.

தோகாவில் இருந்த தாய்மாமா குமாரதாஸ் வர வேண்டியிருந்ததால் அடக்கத்தை வெள்ளிக்கிழமை மதியத்துக்கு வைத்தார்கள். அவர் காலையில் வந்து இறங்கினார். வந்ததும் ஓடியாடி எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். அப்பாவின் கைப்பேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. விஷயம் கேள்விப்பட்டவர்களும் படாதவர்களும் கூப்பிட்டார்கள். சார்ஜ் இறங்கியதும், முற்றத்தில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் இருந்த பிளக்கில் குமாரதாஸ் அதைச் செருகி, ஆம்ப்ளிஃபயர் மேலேயே வைத்தார்.

ஜினோ கேட்காமலே மைக் செட் கட்டியிருந்தான். முற்றத்துத் தெங்கில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கி, வாசலில் ஒன்று. காலையிலிருந்து அவன் தன்னுடைய போனிலிருந்து துக்கப் பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருந்தான். ஆராதனைக்குப் பாடகர் குழு வந்ததும் அதை நிறுத்தி, தன் போனை எடுத்துக்கொண்டு, மைக்கைப் போதகர் முன்னால் வைத்துவிட்டு, புறவாசலில் போய் நின்று அழுதான்.

முற்றம் நிறைந்திருந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, மரப்பெட்டியில் கிடத்தி, மூடாமல் வைத்திருந்தார்கள். அன்னக்கிளி டீச்சர் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டி வந்தாள். ஒன்றாம் வகுப்பு முன்னால், பெட்டியின் அருகில். பொன்னுலிங்கம் நந்தனாவின் பின்னால் நின்றார். டிசி கேட்ட மற்ற தகப்பன்மாரும் அங்கேதான் நின்றார்கள். ஊரில் துக்கம் என்றால் வராதவன் யார்?

பாடகர் குழு பாடியது. பின்வரிசையில் ஒரு குரல் இல்லாமல் பாட்டு காலில்லாத மேசை மாதிரிச் சாய்ந்தது. சஜிதாவுக்கு அதுதான் காதில் விழுந்தது. பாட்டு முடிந்தது. போதகர் வேதப் புத்தகத்தைத் திறந்தார்.

"தி புளூடூத் டிவைஸ் இஸ் கனெக்டட் சக்சஸ்ஃபுல்லி" என்றாள் சைனாக்காரி, தெங்கு உச்சியிலிருந்து.

சஜிதா ஆம்ப்ளிஃபயர் மேல் இருந்த அப்பாவின் கைப்பேசியைப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்தது. மற்றவர்களுக்குப் புரியவில்லை.

"என் கண்ணுமக்களே," என்றது ரசலையன் சாரின் குரல். "நேரா நில்லுங்க. காது இஞ்ச. ஸ்ஸ்ஸ்."

 ஜெபகுமாரி பெட்டிக்குள் கிடந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு தெங்கை அண்ணாந்து பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள். ஒரு கிழவர் உட்கார்ந்திருந்த நாற்காலியோடு பின்னால் சரிந்தார். "ஏசுவே" என்று ஒரு பெண் அலறினாள்.

அந்த இடைவெளிக்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள், பழக்கத்தில், ஒரே குரலில் சொன்னார்கள்.

"ஸ்ஸ்ஸ்."

"என்னடே இது கூத்து!" குமாரதாஸ் பாய்ந்து வந்தார். "எந்தச் சவத்துப்பய போட்டான்? ஏலே ஜினோ! அத நிறுத்துட்டி சஜிதா, நிறுத்து!"

நிறுத்த ஒரு பொத்தான் போதும். சஜிதா ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவள் கை அதுவரை போனது. "ட்" என்றது குரல், லைட்டர் பற்றியது போல. வால் இல்லை. அவள் வெட்டிய இடத்தில் சுத்தமாக நின்றது. "ட்" என்றார்கள் பிள்ளைகள். அவர்களிடமும் வால் இல்லை.

அவள் திரும்பி, ஆம்ப்ளிஃபயருக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"தள்ளு பிள்ளா."

"தொடாதீங்க மாமா."

"உனக்குக் கிறுக்கா? பெட்டி முன்னால…"

"ரெண்டு மணி கிளாஸு மாமா. முடியட்டு."

குமாரதாஸ் போதகரைப் பார்த்தார். போதகர் புத்தகத்தை மூடாமல், விரலை வைத்துக்கொண்டு நின்றார்.  

"ன்ன்ன்" என்று கோபுரம் முனகியது. பிள்ளைகள் முனகினார்கள். அது முடிந்ததும் குரல் கொஞ்சம் உயர்ந்தது.

"நந்தனா, பேச்ச நிறுத்து. காது இஞ்ச."

நந்தனா பெட்டிக்குள் பார்த்தாள். "நான் பேசல்ல சார்" என்றாள்.

உண்மையாகவே அவள் பேசியிருக்கவில்லை. பொன்னுலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அமுக்கிக்கொண்டார்.

"இப்ப சேக்கணும். நான் சத்தம் தருவேன், நீங்க வார்த்த தரணும். வாசிச்சத செய்யணும். ஸ். ஆ. ட்."

இடைவெளி. சஜிதா அந்த இடைவெளியைத் தன் கையால் அளந்து விட்டவள். எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும். முடியப் போகிறது என்று நினைத்தாள்.

"ஸாட்!" என்று கூவினார்கள் பிள்ளைகள். கூவிவிட்டு, அத்தனை பேரும் பொத்தென்று மண்ணில் உட்கார்ந்தார்கள்.

யாரும் உட்காரச் சொல்லவில்லை. 'உக்காரு' என்று தமிழில் ஒரு வார்த்தை வரவில்லை. சுற்றி நின்ற தகப்பன்மாரின் முழங்கால் உயரத்துக்கு ஒன்றாம் வகுப்பு முழுக்க உட்கார்ந்திருந்தது.

"நல்லது. அடுத்தது. ட். ஆ. ப்."

"டாப்!"

முன்னால் இருப்பதை இரண்டு தட்டு தட்ட வேண்டும். வகுப்பில் என்றால் முன்னால் பெஞ்சு இருக்கும். ஒரு பையன் எதிரே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தட்டினான். ஒருத்தி தரையைத் தட்டினாள். நந்தனாவுக்கு முன்னால் பெட்டி இருந்தது. அவள் விரலை மடக்கி, மரத்தில், டக் டக் என்று தட்டினாள்.

ஊர் முழுக்க அந்தச் சத்தத்தைக் கேட்டது.

தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருப்பவள் போல, சாரின் முகத்தை எட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் ஜெபகுமாரி கத்தினாள். ஒரு நாள் முழுக்க அடைத்துக் கிடந்தது உடைத்துக்கொண்டு வந்தது. நான்கு பெண்கள் சேர்ந்து பிடிக்க வேண்டியிருந்தது.

"நல்லா சொன்னீங்க," என்றது தெங்கின் உச்சி. "மிச்சத்த திங்கக்கெழம பாப்போம்."

ஆம்ப்ளிஃபயர் உறுமலோடு அடங்கியது. போதகர் புத்தகத்தில் விரல் வைத்த இடத்தைத் தேடினார். அவர் வாசித்தது யாருக்கும் கேட்கவில்லை.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் குமாரதாஸ் சஜிதாவை விட்டு முன்னால் நடந்தார். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது அவள் தலையில் கையை வைத்து, "என்ன வேலைட்டி செஞ்ச" என்றார். திட்டுகிறாரா கேட்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

கல்லறைத் தோட்ட வாசலில் பொன்னுலிங்கம் அன்னக்கிளி டீச்சருக்காகக் காத்து நின்றார்.

"டீச்சரே, அந்த டிசி இப்ப எழுதாண்டாம்."

"செரி பொன்னுலிங்கம்."

"பிள்ளைட்ட கேட்டேன், எதுக்கு மக்ளே பெட்டியத் தட்டுனேன்னு. 'டாப்'புனு வாசிச்சேன், அதாக்கும் தட்டினேன்னு சொல்லுகா. இதுக்கு மேல நான் என்னத்தக் கேக்க?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஆனா டீச்சரே, சார் திங்கக்கெழம மிச்சம்னு சொல்லிட்டுப் போனாரே. பிள்ளைக வந்து உக்காந்துட்டுக் கேக்கும். ஆரு சொல்லிக் குடுப்பா?"

எல்லாரும் அவர் மாதிரி இல்லை. ஒருவர் அன்று சாயங்காலமே வேன்காரனிடம் பேசிவிட்டார் என்று கேள்வி. சாவு வீட்டில் பேய் மாதிரிக் குரல் கேட்டு என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று சொன்னாராம். அதையும் குற்றம் சொல்வதற்கில்லை.

சனிக்கிழமை காலையில் அன்னக்கிளி டீச்சர் வீட்டுக்கு வந்தாள். வேறொரு ஆசிரியர் வரும்வரை ஒன்றாம் வகுப்பைத் தானே எடுக்கப் போவதாகச் சொன்னாள். "எனக்கு இந்தச் சத்தம் எல்லாம் வராது சஜிதா. நான் பழைய ஆளு. அடுத்தது என்ன போட்டிருந்தாருன்னு மட்டும் சொல்லு."

சஜிதாவுக்கு அது தெரியும். மேசையில் வைத்துப் பேசிய காரியம்தான். அடுத்தது 'ர்'. நாக்கு உருளாமல் வரவேண்டிய ஆங்கில 'ர்'. அப்பா அதற்கு ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஆனால் இன்னும் பதிவு செய்யவில்லை.

"நான் பாக்கேன் டீச்சர்" என்றாள்.

டீச்சர் போன பிறகு மடிக்கணினியைத் திறந்தாள். புதன்கிழமை விட்ட இடத்தில் அப்படியே இருந்தது. மேலே ஒரு வரிசையில் சத்தங்கள். கீழே ஒரு வரிசையில் வெட்டிய வால்கள், சின்னச் சின்ன மேடுகளாக. அதன் மேல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தவில்லை.

அப்போது அப்பாவின் கைப்பேசி அடித்தது. செல்வதாஸ். அப்பாவோடு ஆசிரியர் பயிற்சி படித்தவர். வேலை கிடைக்காமல் குழித்துறையில் ரப்பர் தோட்டத்தோடு நின்றுவிட்டவர். உறைந்த ரப்பர் பாலை உருளைக்குள் விட்டு ஷீட் அடிக்கிற மெஷின் வைத்திருந்தார்.

எடுத்துக் காதில் வைக்கும் முன்னே அவர் தொடங்கிவிட்டார்.

"டே ரசலையா, எங்கடே கெடக்க? சனியாச்ச காலைல வாறேன்னு சொன்னவன் நீதானே? ஷீட்டுக்குப் பால் ஒறைய வச்சு, மெஷினுக்கு எண்ண போட்டு, ஆள வரச்சொல்லி நிப்பாட்டி இருக்கேன். ஒனக்க ஒரு எழுத்துக்கு எனக்க ஒரு நாளு போச்சு கேட்டியா."

சஜிதா வாயைத் திறந்தாள்.

"மாமா, நான் சஜிதா."

"மோளே, அப்பன் எங்க? பஸ்ஸுல கேறியாச்சா? இல்ல இன்னும் குளிக்கானா?"

அடுக்களையில் அம்மா பாத்திரத்தை எடுக்கும் சத்தம் கேட்டது. இரண்டு நாளுக்குப் பிறகு அங்கே கேட்ட முதல் சத்தம்.

"மோளே? கேக்குதா? சவம், சிக்னல் இல்ல போல. செரி, நான் மெஷின ஓட விடுகேன், நீ அவனுக்குக் காதுல வச்சுக் குடு. இது 'ர்' இல்லேன்னு சொல்லட்டு, நான் மீசைய எடுக்கேன்."

எங்கோ ஒரு சுவிட்ச் போடும் ஓசை. மெஷின் உறுமி எழுந்து ஓடத் தொடங்கியது. ர்ர்ர்ர் என்று நின்று நிதானமாக வந்தது. கைப்பேசிக்குள் அது கரகரத்து உடைந்தது. இப்படிக் கேட்டதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பக்கத்தில் போய் நின்றுதான் எடுக்க வேண்டும்.

"போதுமா மோளே? நிறுத்தவா?"

"நிறுத்தாண்டாம் மாமா," என்றாள் சஜிதா. "நான் பொறப்பட்டு வாறேன்."

"நீயா? ஏன், அவனுக்கு என்ன?"

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சஜிதா ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.